மழை வெள்ளத்தில் வீடு திரும்பும்போது



ஐப்பசி, கார்த்திகை வந்தால் நமக்கு அடைமழைக் கவலைதான். ஆனால் வங்கி வேலையும் கூட்டமைப்புக் கூட்டமும் மழைக்காக நிற்பதில்லை. காலையில் வெயில் அடிக்கும்போது கிளம்பிப் போகிறோம். சாயங்காலம் நாலு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு கொட்டத் தொடங்கிவிடுகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும், மாட்டுக்குப் பால் கறக்கணும், இருட்டுறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடணும் என்ற நினைப்பிலேயே ஷேர் ஆட்டோவில் ஏறுகிறோம். வழியில் தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. அப்போது என்ன செய்வது?

முதலில் தரைப்பாலம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். ஓடைக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட பாலம் அது. வெள்ளம் வந்தால் தண்ணீர் மேலேயே வழிந்து போகட்டும் என்றுதான் அப்படிக் கட்டுகிறார்கள். வழிந்த தண்ணீர் மறுபக்கம் விழுகிற இடத்தில் மண்ணைக் குடைந்துகொண்டே இருக்கும். ரோட்டு ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சில சமயம் மேலே தார் இருக்கும், அடியில் மண் இருக்காது. கலங்கல் தண்ணீர் மூடியிருப்பதால் இது எதுவும் நம் கண்ணுக்குத் தெரியாது. "இப்பத்தாங்க ஒரு லாரி போச்சு" என்று யாராவது சொல்வார்கள். அந்த லாரி போனபோதே அடி மண் இன்னும் கொஞ்சம் சரிந்திருக்கலாம் அல்லவா?

அடுத்தது தண்ணீரின் பலம். ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள தொட்டி நிறையத் தண்ணீர் 1000 கிலோ எடை இருக்கும். ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளுகிற விசை நாலு மடங்காகிறது. வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே பெரிய ஆளையும் சாய்த்துவிடும். ஒரு அடி இருந்தால் பல சிறிய கார்கள் மிதக்கத் தொடங்கும். இரண்டு அடி என்றால் பெரும்பாலான கார்களை இழுத்துப் போய்விடும். மூணு சக்கர ஆட்டோவும் மொபெட்டும் எம்மாத்திரம்?

ஓட்டுகிறவர் பெரும்பாலும் நம் ஊர்த் தம்பியாகவோ, வீட்டுக்காரராகவோ இருப்பார். "நான் எத்தனை தடவை போயிருக்கேன், பயப்படாம உட்காருங்கக்கா" என்பார். இதில் வீம்பும் கொஞ்சம் கலந்திருக்கும். தெரிந்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று நாம் கூச்சப்படக் கூடாது. "தம்பி, எங்களை இங்கேயே இறக்கிவிடு, வாடகையை வாங்கிக்கோ" என்று சொல்லிவிடலாம். இரண்டு பேர் சேர்ந்து சொன்னால் வண்டி நிற்கும்.

தேங்கின தண்ணீரில் வண்டி நின்றுபோனால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யக் கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் உள்ளே உள்ள ராடு வளைந்துவிடும், செலவு பல ஆயிரம் ஆகும். மெக்கானிக் பார்க்கும்வரை தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

மழை விட்டாச்சே, இனி போகலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து நள்ளிரவுக்குப் பிறகு 1.5 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை ஓரமாக விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மேலே எங்கோ பெய்த மழை நம் ஊருக்கு வந்து சேர நேரமாகும். நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருப்பதை வைத்து ஆற்றைக் கணக்குப் போட முடியாது.

புயல் கரை கடக்கும்போதும் இப்படித்தான். புயலின் கண் நம் ஊர் மேல் வந்தால் காற்று திடீரென்று அடங்கும். கொஞ்ச நேரம் கழித்து எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். அந்த இடைவெளியில் வீட்டுக்குக் கிளம்பினால் நடுவழியில் மாட்டிக்கொள்வோம்.

தேங்கின தண்ணீரில் நடந்தே ஆகவேண்டும் என்றால் கையில் குச்சி வைத்து முன்னால் ஊன்றிப் பார்த்து நடக்க வேண்டும். மின்கம்பத்தையும் அதன் ஸ்டே கம்பியையும் பிடிக்கவே கூடாது. கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், மின்வாரியத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். யாராவது வெள்ளத்தில் சிக்கியிருந்தால் 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

இதையெல்லாம் தனி ஆளாகச் செய்வதைவிடக் குழுவாகச் செய்வது சுலபம். ஓடைக்கு இந்தப் பக்கம் யார் வீட்டில் ராத்திரி தங்கலாம், அந்தப் பக்கம் யார் நம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு மாட்டையும் பார்த்துக்கொள்வார் என்று இப்போதே பேசி வையுங்கள். இரண்டு பக்கத்து போன் நம்பரையும் குழு நோட்டின் அட்டையில் எழுதுங்கள். வானிலை மையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை கொடுத்த நாளில் கூட்டத்துக்கு வராதவர்களுக்கு அபராதம் இல்லை என்று தீர்மானம் போடுங்கள். பத்து ரூபாய் அபராதத்துக்குப் பயந்து ஓடையைக் கடந்து வருகிற உறுப்பினர்கள் நம்மில் இருக்கிறார்கள். சேமிப்புப் பணத்தை அடுத்த வாரம் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்.