உவமவியல் நோக்கில் பஜ்ஜு ஷ்யாமின் லண்டன் ஓவியங்கள்

முன்னுரை

சொல்லில் அமையும் உவமையை ஆராய்வதற்குத் தொல்காப்பிய உவமவியல் கருவியாகிறது. கோட்டில் அமையும் உவமைக்கும் அது கருவியாதல் கூடும். சென்னையில் 1994இல் தொடங்கப்பெற்ற தாரா புக்ஸ் பதிப்பகம் 2004இல் வெளியிட்ட ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ என்னும் ஓவிய நூலைக் கொண்டு இக்கட்டுரை அதனை விளக்குகிறது.

ஓவியரும் நூலும்

பஜ்ஜு ஷ்யாம் மத்தியப் பிரதேசத்தின் பாட்டன்கர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பாடிப் பரிசில் பெறும் மரபினரான பர்தான் கோண்டு இனத்தவர். போபாலில் தம் உறவினரான ஜங்கர் சிங் ஷ்யாமிடம் ஓவியம் பயின்றார். 2002இல் லண்டன் உணவகம் ஒன்றின் சுவரில் ஓவியம் தீட்ட அழைக்கப்பெற்று, இரண்டு மாதங்கள் அங்குத் தங்கினார். அவர் வாய்மொழியாகக் கூறிய அனுபவங்களைக் கீதா வுல்ஃபும் சிரிஷ் ராவும் எழுத்தாக்கினர். ரட்யார்ட் கிப்ளிங் 1894இல் வெளியிட்ட ‘தி ஜங்கிள் புக்’ மத்திய இந்தியக் காட்டை ஆங்கிலேயர் நோக்கில் காட்டியது. அக்காட்டுப் பகுதியைச் சேர்ந்தவரின் நோக்கில் ஆங்கிலேயரின் தலைநகரைக் காட்டுகிறது இந்நூல்.

உவமையின் நிலைக்களன்

உவமை வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடியாகத் தோன்றும் என்பது தொல்காப்பியம். மெய் வடிவையும் உரு நிறத்தையும் குறிக்கும் என்பர் உரையாசிரியர். காட்சிக்கலையாதலின் ஓவியத்தில் மெய்யும் உருவுமே மேலோங்கும் என எதிர்பார்க்கலாம். பஜ்ஜு ஷ்யாமோ வினையையும் பயனையும் முதன்மையாகக் கொள்கிறார். பிக் பென் கடிகாரம் சேவலோடு ஓருருவாகிறது. பொழுதறிவித்தல் இரண்டிற்கும் பொதுவான பயன். நாள்தோறும் அவரைப் பணியிடத்தில் சேர்த்த 30ஆம் எண் பேருந்து நாயாகிறது. வழிதவறாமல் உடன்வரும் நன்றி அங்குப் பொதுத்தன்மை. மண்ணுக்கடியில் செல்லும் தொடர்வண்டி மண்புழுவாகிறது. இதில் வினையும் மெய்யும் ஒருங்கே பொருந்துகின்றன. பொழுது சாய்ந்தபின் மதுவகங்களில் கூடும் மக்கள் வௌவால்களாகின்றனர், இது வினையுவமை. இவ்வோவியங்களைக் காண்பவர் முதலில் வியந்து, பின்னர்ப் பொதுத்தன்மையைக் கண்டறிந்து மகிழ்கிறார். நயம் அக்கண்டறிதலில் பிறக்கிறது.

உயர்ந்தது எது?

உவமையாகக் கூறப்படும் பொருள் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பதும் தொல்காப்பிய விதியே. மக்களை வௌவாலாகவும் தொடர்வண்டியை மண்புழுவாகவும் வரைதல் இழிவுவமையோ என்னும் ஐயம் இங்கு எழலாம். கோண்டு மரபில் மண்புழு கீழுலகை ஆள்வது. சேவலும் நாயும் ஓவியரின் வாழ்வில் நம்பத்தக்க உறவுகள். ஆகவே விதி பிழைபடவில்லை. உயர்வை அளக்கும் இடம் மட்டுமே லண்டனிலிருந்து பாட்டன்கருக்கு மாறியுள்ளது. புகழ்பெற்ற கோபுரத்திற்குச் சேவல் பெருமை சேர்க்கிறது.

முடிவுரை

இவரது கலையை ‘நாட்டார் கலை’ என வகைப்படுத்துவோர் அதனைப் பழைய வடிவங்களின் மறுபதிப்பாகக் கருதிவிடுவதுண்டு. மரபின் கோடுகளைக் கொண்டே முன்னர்க் கண்டிராத நகரை ஆராயும் இவ்வோவியங்கள் அக்கருத்தை மறுக்கின்றன. பஜ்ஜு ஷ்யாம் 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். புதிய பொருளுக்குத் தம் மண்ணிலிருந்தே உவமை காணும் ஆற்றலால் அவர் சமகால ஓவியர் என்பது தெளிவாகிறது. தமிழில் வெளிவரும் ஓவிய நூல்களை ஆராய்வதற்கும் உவமவியல் இவ்வாறு பயன்படும்.