இழுவண்டி டயர்களும் காற்றமுக்கக் காவலும்

கொல்கத்தாவின் தென்பகுதியில் ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் குறுக்கிடும் சந்தி, புடவைக் கடைகளுக்கும் நடைபாதை வாணிகத்துக்கும் பெயர்பெற்றது. அதனை அடுத்த கரியாஹாட் டிராம் நிலையத்திலிருந்து பல்லாண்டுகள் எஸ்பிளனேடுக்கு டிராம்கள் சென்றுவந்தன. 1902-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் இயங்கத் தொடங்கிய இந்நகரத்து டிராம்களில் ஒன்றன்பின் ஒன்றாக இரு பெட்டிகள் இணைந்திருப்பதைக் கண்டோர் பலர். முன்பெட்டியில் நிற்கும் ஓட்டுநருக்குப் பின்பெட்டியில் நிகழ்வது தெரியாது. ஆயினும் அங்குள்ள கண்டக்டர் கயிற்றை இழுத்து மணியடித்த மாத்திரத்தில் செய்தி முன்னே எட்டிவிடும். அன்றியும் டிராமின் சக்கரம் எஃகாலாயது. காற்றிழந்து தளருதல் என்னும் குறை அதற்கில்லை.

இதே நகரின் துறைமுகப் பகுதியிலிருந்து சரக்குப் பெட்டகங்களைச் சுமந்து, 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியே ஒடிசாவையும் ஆந்திரத்தையும் கடந்து சென்னை வரை செல்லும் டிரெய்லர்களின் நிலை வேறு. டிரெய்லர் என்னும் இவ்விழுவண்டி காற்றடைத்த ரப்பர் டயர்களின்மேல் ஊர்வது. அதன் பின்பகுதியில் கண்டக்டரும் இல்லை, மணியும் இல்லை. டயர் ஒன்று காற்றிழக்கும்போது ஓட்டுநருக்கு அதனை அறிவிப்பது எது? டயரின் காற்றமுக்கத்தைக் கண்காணிக்கும் கருவி இக்குறையை நிறைவு செய்வதற்கே அமைந்தது.

காரில் முன்சக்கரம் தளர்ந்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். ஓட்டுபவரின் கைகளே அதனை உணர்ந்துவிடும். இழுவண்டியிலோ சக்கரங்களுக்கும் ஓட்டுநருக்கும் இடையே ஓர் இணைப்பு உண்டு. அவ்விணைப்பு அதிர்வையும் இழுப்பையும் பெரும்பாலும் தன்னளவில் அடக்கிவிடுகிறது. கிராமத்து டயர் மாட்டுவண்டியில் இவ்வில்லங்கம் இல்லை. டயர் தளர்ந்தால் மாடு முதலில் அறியும். அதன் நடை தளர்வதைக் கண்டு வண்டிக்காரர் இறங்கிப் பார்ப்பார். நூற்றுக்கணக்கான குதிரைத்திறன் கொண்ட எஞ்சினுக்கு அத்தகைய உணர்ச்சி கிடையாது. அது சற்றுக் கூடுதலாக டீசலைக் குடித்துவிட்டுத் தொடர்ந்து இழுக்கும்.

கனரக இழுவண்டிகள் பலவற்றில் ஓர் அச்சின் ஒவ்வொரு முனையிலும் இரட்டைச் சக்கரங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று காற்றிழந்தால் அதன் பாரத்தை அடுத்த சக்கரம் ஏற்றுக்கொள்ளும். வண்டி சாய்வதில்லை, வெளியிலிருந்து நோக்குவோர்க்கும், குறிப்பாக உட்சக்கரத்தின் கேடு, புலப்படுவதில்லை. தளர்ந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக மடிந்து நிமிர்கிறது. அதனால் உள்ளே வெப்பம் பெருகி, ரப்பருக்கும் உள்ளிழைகளுக்கும் உள்ள பிடிப்பு விடுபடுகிறது. முடிவில் டயர் வெடித்துச் சிதறலாம், தீப்பற்றுதலும் உண்டு. சிதறிய துண்டு பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் உயிருக்கே உலையாகலாம். சுத்தியலால் டயரைத் தட்டி ஓசையைக் கொண்டு காற்றை மதிப்பிடும் வழக்கம் லாரி ஓட்டுநரிடையே நெடுநாளாக உள்ளது. முற்றும் காற்றிழந்த டயரை அஃது காட்டிக்கொடுக்கும். 110 பவுண்டு உள்ள டயரையும் 88 பவுண்டு உள்ள டயரையும் வேறுபடுத்திக் காட்டாது. ஆபத்து தொடங்குவதோ அந்த 88-இல்தான். குறித்த அமுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழந்த டயரை, காற்றின்றி ஓடிய டயராகவே கருதிக் கழற்றிச் சோதிக்கவேண்டும் என்பது டயர்த் தொழிலில் வழங்கும் விதி.

கண்காணிக்கும் முறைகள் இருவகைப்படும். மறைமுக முறையில் அமுக்கம் அளக்கப்படுவதில்லை. காற்றிழந்த சக்கரத்தின் ஆரம் சிறிது குறைதலால் அது மற்றவற்றைவிட விரைந்து சுழலும்; பிரேக்குத் தொகுதியிலுள்ள வேகவுணர்விகள் அவ்வேறுபாட்டைக் கண்டறியும். கார்களில் இது பயன் தருகிறது. இரட்டைச் சக்கரங்கள் ஒரே குடத்தில் பூட்டப்பட்டு ஒருசேரச் சுழல்வதால், அவற்றுள் எது தளர்ந்தது என்பதை இம்முறை அறிய இயலாது. எல்லா டயர்களும் ஒருசேரக் காற்றிழப்பின் ஒப்பிடுதற்கே வழியில்லை. ஆகவே இழுவண்டிக்கு ஏற்றது நேர்முறையே. இதில் ஒவ்வொரு டயரிலும் ஓர் உணர்கருவி இருந்து, அமுக்கத்தையும் வெப்பத்தையும் அளந்து, வானொலி அலையால் ஓட்டுநரின் முன்னுள்ள பலகைக்கு அனுப்புகிறது.

உணர்கருவியை வால்வின் மூடிபோல் வெளியே திருகலாம். அல்லது டயரைக் கழற்றி உள்ளே ரிம்மில் பொருத்தலாம். வெளிக்கருவியைச் சில நிமிடங்களில் மாட்டிவிடலாம். ஆனால் அது திருகப்பட்டிருக்கும்வரை வால்வின் ஊசி அழுந்தித் திறந்தே இருக்கும். கருவியின் வளையம் தேய்ந்தால் காற்றைக் காக்க வந்த கருவியே காற்றுக் கசியும் வழியாகிவிடும். ரப்பர்த் தண்டுடைய வால்வு இதன் எடையால் ஓயாது அசைந்து விரிசல் காணும் என்பதால் உலோகத் தண்டே தக்கது. கரியாஹாட் போன்ற நெரிசலான தெருக்களில் இரவெல்லாம் நிற்கும் வண்டிக்குத் திருட்டைத் தடுக்கும் பூட்டுமரையும் வேண்டும். உட்கருவிக்கு இக்கவலைகள் இல்லை. டயருள் உள்ள காற்றின் வெப்பத்தை அது மெய்யாகவே அளக்கிறது. வெளிக்கருவி அறிவதோ பெரும்பாலும் வால்வுத் தண்டின் வெப்பமே. எனினும் ட்யூப் உள்ள டயர்களுக்கு உட்கருவி எளிதில் பொருந்தாது. அதன் மின்கலம் தீர்ந்தால் டயரைக் கழற்றவேண்டியும் வரும்.

வாங்குமுன் கேட்டறிய வேண்டியன சில. கார்களுக்கெனச் செய்த உணர்கருவிகள் பல, சரக்கு வண்டி டயரின் உயர்ந்த அமுக்கத்தை அளக்கும் எல்லை இல்லாதவை. அடுத்து, அலையின் தொலைவு. நீண்ட வண்டியின் கடைசிச் சக்கரத்திலிருந்து எழும் மெல்லிய அலை, எஃகுச் சட்டங்களையும் சரக்குப் பெட்டகத்தையும் கடந்து ஓட்டுநர் அறையை அடையவேண்டும். அதற்கு இடையில் அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் துணைக்கருவி ஒன்று பெரும்பாலும் தேவைப்படும். அது இல்லாத மலிவுத் தொகுதியை நீண்ட டிரெய்லருக்கு வாங்குதல் பணத்தை வீணாக்குவதேயாகும். ஒரே முன்வண்டி இன்று ஒரு டிரெய்லரையும் நாளை மற்றொன்றையும் இழுக்குமாயின், புதிய வண்டியின் உணர்கருவிகளைப் பலகை எளிதில் இனங்கண்டு கொள்ளவேண்டும். சக்கரங்களை இடம் மாற்றிப் பூட்டும்போது பலகையிலும் அம்மாற்றத்தைப் பதியாவிடில், இடப்புற டயர் கசிய வலப்புறத்தைக் காட்டும்.

இனி, எச்சரிக்கை எல்லையைக் குறித்தல். தவறு மிகுதியாக நேர்வது இங்கேதான். டயருக்கு உரியதாகக் குறிக்கப்படும் அமுக்கம், வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்று டயர் குளிர்ந்திருக்கும்போது உள்ள அமுக்கமாகும். 25 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் 110 பவுண்டு காற்றடைத்த டயர், நெடுந்தூரம் ஓடி 65 பாகைக்குச் சூடேறியதாகக் கொள்வோம். அமுக்கமானி காட்டும் 110 உடன் வளிமண்டலத்தின் 14.7 பவுண்டைச் சேர்த்தால் மொத்த அமுக்கம் 124.7. வெப்பநிலைகளைத் தனிவெப்பநிலை அளவில் 298, 338 எனக் கொண்டு பெருக்கி வகுத்தால், சூடேறிய டயரின் மொத்த அமுக்கம் 141.4 என வரும். அமுக்கமானி ஏறக்குறைய 127 காட்டும். இவ்வேற்றம் இயல்பானது. இதனைக் கண்டு அஞ்சிக் காற்றைத் திறந்து 110-க்கு இறக்கும் ஓட்டுநர், மறுநாட்காலையில் அதே டயரில் 95 பவுண்டையே காண்பார்.

மற்றொரு புறத்தை நோக்குவோம். குளிர்நிலை அமுக்கத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 99 பவுண்டில், மணி ஒலிக்குமாறு பலகையை அமைத்ததாகக் கொள்க. சூடேறிய டயர் 127-இலிருந்து கசிந்து 99-க்கு வரும்வரை மணி ஒலியாது. அந்நிலையில் வண்டியை நிறுத்தி டயரைக் குளிரவிட்டால் எஞ்சியிருப்பது ஏறக்குறைய 86 பவுண்டே. முன்னர்க் கூறிய 88 என்னும் எல்லையை அது முன்பே கடந்துவிட்டது! கசியும் டயர் மேலும் சூடேறுதலால், அவ்வெப்பமே அமுக்கத்தை உயர்த்திக் கசிவை மறைத்தலும் நிகழும். இதனால் வெப்பத்தைக் கணக்கிலெடுத்து எல்லையைத் தானே திருத்திக்கொள்ளும் தொகுதியை விலை கூடினும் விரும்பலாம். அது கிடையாதபோது, ஒரே அச்சிலுள்ள டயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்கும் பழக்கம் உதவும். தன் இணைகளைவிடச் சூடு மிகுந்தும் அமுக்கம் குறைந்தும் காணும் டயர் ஐயத்துக்குரியது. அமுக்கம் குறையாமல் சூடு மட்டும் ஏறின், பிரேக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறதா, குடத்தின் பேரிங்கு பழுதா எனப் பார்க்கவேண்டும்.

ஆணியேறிய டயரின் மெல்லிய கசிவை இக்கருவி முன்கூட்டி உணர்த்தும். கல் கிழித்து ஒரு நொடியில் வெடிக்கும் டயரைப் பற்றி முன்னறிவிக்க எக்கருவியாலும் ஆகாது.

சட்டங்கள் கார்களையே முதலில் நாடின. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டின் சட்டத்தைத் தொடர்ந்து, 2007 செப்டம்பர் முதல் புதிய இலகுரக மோட்டார் வண்டிகளுக்கு இக்கருவி கட்டாயமாயிற்று. டிரெய்லர்கள் அதில் சேரவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் புதிய வடிவமைப்புகளுக்கும், 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய வண்டிகளுக்குமாக, 3.5 டன்னுக்கு மேற்பட்ட இழுவண்டிகளையும் இவ்விதிக்குள் கொணர்ந்தது. இந்தியாவில் 2020 ஜூலையில் வெளிவந்த திருத்தம், இக்கருவியும் ட்யூப் இல்லாத டயர்களும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் உள்ள 3.5 டன் வரையிலான பயணிகள் கார்களுக்கு உபரிச் சக்கரம் வேண்டியதில்லை என்றது. அச்சலுகை இழுவண்டிக்கு உரியதன்று.

ஓடும் டிரெய்லரைவிட நிற்கும் டிரெய்லரே பல வேளைகளில் தொல்லை தருவது. துர்கா பூஜை நாட்களில் ஏக்டாலியா, சிங்கி பார்க் முதலிய பந்தல்களால் கரியாஹாட் சுற்றுவட்டாரம் நிறைகிறது. இத்தகைய விழாக்களுக்கு மின்னாக்கியையோ தண்ணீர்த் தொட்டியையோ சுமந்துவரும் சிறிய இழுவண்டி, ஆண்டில் சில நாட்கள் ஓடிப் பல திங்கள் ஓரிடத்தில் நிற்பது. டயரின் ரப்பர் வழியே திங்களுக்கு ஓரிரு பவுண்டு காற்று இயல்பாகவே வெளியேறும். பருவமும் தன் பங்கைச் செய்யும். மே மாதத்துப் பிற்பகலில் 36 பாகையில் 110 பவுண்டு அடைத்த டயர், கசிவே இல்லாவிடினும், 14 பாகையுள்ள ஜனவரி விடியலில் 101 பவுண்டே காட்டும். மின்கலத்தைச் சிக்கனப்படுத்தும்பொருட்டு உணர்கருவிகள் பல, சக்கரம் சுழலாதபோது உறங்கிவிடுகின்றன. பலகையில் காணும் எண் கடைசியாக ஓடிய நாளின் எண்ணாகவும் இருக்கக்கூடும். ஆதலால் நெடுநாள் நின்ற வண்டியைப் புறப்படுத்துமுன் கையமுக்கமானியால் ஒவ்வொரு டயரையும் அளந்து குறைந்ததை நிரப்பி, மெல்ல ஒரு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, எல்லாச் சக்கரங்களின் எண்களும் புதிதாக வந்துள்ளனவா என்று பார்த்த பின்னரே நெடுஞ்சாலையை நாடவேண்டும். வண்டியின் அடியில் தொங்கும் உபரிச் சக்கரம் சுழல்வதே இல்லை; அதில் இத்தகைய உணர்கருவி இருப்பினும் அது விழிப்பதில்லை. அதனைக் கையமுக்கமானியாலேயே அளத்தல் வேண்டும்.