அன்றாடங்காய்ச்சிகளின் ஆண்டவர்

அன்றாடங்காய்ச்சி என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. அன்றைய கூலியில் அன்றைய உலையை ஏற்றுகிறவர் என்று பொருள். இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த செபத்தை நினைத்துப் பாருங்கள். குதிர் நிறைய நெல் வேண்டும், வருடம் முழுக்கச் சாப்பாடு வேண்டும் என்று கேட்க அவர் சொல்லித்தரவில்லை. அன்றைக்கு வேண்டிய உணவை அன்றைக்குக் கேட்கச் சொன்னார். அது அன்றாடங்காய்ச்சிகளின் செபம். நம் பாட்டிமார்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தினசரி வாழ்க்கையில் கடவுளின் பிரசன்னத்தை உணர்வது எப்படி என்று தியானக் கூட்டங்களில் இப்போது நிறையப் பேசுகிறார்கள். விடியற்காலையில் எழ வேண்டும், அமைதியான அறையில் தனியாக உட்கார வேண்டும் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் படுத்திருக்க, ஆறு மணிக்கெல்லாம் களையெடுப்புக்குக் கிளம்ப வேண்டிய பெண்ணுக்கு அந்த அமைதியான அறை எங்கே இருக்கிறது? அவருக்குத் தெரிந்த வழி வேறு. தென்மாவட்டச் சபைகளில் பிடி அரிசிக் காணிக்கை என்ற வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டுவைப்பார்கள். சேர்ந்த அரிசி ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும். வீட்டில் இருப்பதே இரண்டு ஆழாக்கு என்ற நாளிலும் அந்தப் பிடி விழும். கண்ணை மூடிச் செபிக்க நேரமில்லாத பெண்கள் கையால் செய்த செபம் அது.

விவிலியத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும்: ஆண்டவர் பெரும்பாலும் வேலைத்தலத்தில்தான் ஆட்களைச் சந்திக்கிறார். மோசே மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். கிதியோன் எதிரிகளுக்குப் பயந்து மறைவாகக் கோதுமை அடித்துக்கொண்டிருந்தார். இயேசு பிறந்த சேதி முதலில் போய்ச் சேர்ந்தது இரவில் கிடை காத்துக்கிடந்த இடையர்களுக்கு. உயிர்த்தெழுந்த இயேசுவை மகதலா மரியாள் தோட்டக்காரர் என்று நினைத்துவிட்டார். பிரசங்கங்களில் இந்த இடத்தை ஒரு சிறிய குழப்பமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். நமக்கு அப்படிக் கடக்க மனம் வரவில்லை. மண்வெட்டி பிடிக்கிற கூலியாள் என்று பார்த்தவுடன் தோன்றும்படிதான் அவர் நின்றிருக்கிறார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் சபை மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்றொருவர் இருந்தார். போர்வீரராக இருந்து காலில் காயம்பட்டவர். மடத்துச் சமையற்கட்டில் பாத்திரங்களோடு பல ஆண்டுகள் உழைத்தார், பின்னாளில் செருப்புத் தைத்தார். அந்த வேலைகளின் நடுவிலேயே கடவுளோடு பேசிக்கொண்டிருக்க முடியும் என்று அவர் சொன்னவை, அவர் இறந்த பிறகு நூலாகி உலகம் முழுக்கப் பரவின. அருமையான மனிதர். ஆனால் அவர் நாட்டில் செருப்புத் தைத்ததற்காக அவருடைய பேரப்பிள்ளை தலைமுறைக்கும் ஒரு பட்டப்பெயர் ஒட்டியிருக்காது. இங்கே துடைப்பத்துக்குச் சாதி இருக்கிறது, தோலுக்குச் சாதி இருக்கிறது, பறைக்குச் சாதி இருக்கிறது. மலக்குழிக்குள் இறங்குவதைத் தெய்வத் தொண்டு என்று சொல்கிற வாயும் இந்த நாட்டில் உண்டு. கையால் மலம் அள்ளுவதற்குத் தடைபோட்ட 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கும்போதே சாவுகள் தொடர்கின்றன. செய்கிற வேலையில் கடவுளைக் காணுங்கள் என்று அந்தத் தொழிலாளியிடம் போய்ச் சொல்வது அநியாயம். மோசேயை ஆண்டவர் சந்தித்தது, ஆட்டை ஒழுங்காக மேய் என்று சொல்வதற்கு இல்லையே. அடிமைப்பட்டுக் கிடந்த சனத்தை வெளியே கூட்டிவரத்தான் அனுப்பினார்.

இதைத் தமிழில் எல்லோருக்கும் புரியும்படி சொன்னவர் பறட்டை அண்ணன். தியோபிலஸ் அப்பாவு என்பது அவர் பெயர் (1940–2005). தலித் குடும்பத்திலிருந்து வந்த சி.எஸ்.ஐ. போதகர், மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஆசிரியர். கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் அறிந்தவர் அவர். ஆனாலும் கிராமத்துச் சனம் தங்கள் மெட்டில், தங்கள் பேச்சில் பாடினால்தான் அது அவர்களுடைய வழிபாடு ஆகும் என்று வாதாடினார். நாட்டுப்புறப் பாட்டென்றால் பாடுகிறவர்கள் வரியை மாற்றிக்கொள்ளலாம், கூட்டிக்கொள்ளலாம், யாரும் தப்பு என்று அதட்ட மாட்டார்கள். தீட்டென்று கோயிலுக்கு வெளியே நிறுத்திய பறையை அவர் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கடவுளைத் தாய் தகப்பன் இருவரையும் குறிக்கும்படி ‘பெத்தவரே’ என்று கூப்பிட்டார். களத்துமேட்டில் இருந்து கூப்பிட்டாலும் கேட்கிற சொல் அது.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன இன்னொரு விஷயம் ‘ஒரே உலை’. ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பவர்கள்தான் ஒரு குடும்பம். நற்கருணை என்பதன் அடிப்படையும் அதுதான். தனித்தனியே உலை வைத்துக்கொண்டு, கோயிலில் மட்டும் ஒரே அப்பத்தை வாங்குவதில் என்ன இருக்கிறது என்று கேட்கவைக்கிற இறையியல் இது. திருநெல்வேலிப் பக்கம் அசன விருந்துக்குப் போனவர்களுக்கு இதன் ருசி தெரியும். பெரிய பெரிய அண்டாக்களில் சோறு வடித்து, ஊர் முழுக்க ஒரே பந்தியில் உட்காருவது எளிய காரியமில்லை. பக்கத்தில் உட்கார மறுத்த சாதிகள் வாழ்ந்த மண்ணில் நடக்கிற காரியம் அது.

‘கோதுமைக்கும் பால்பவுடருக்கும் மதம் மாறினவர்கள்’ என்று நம்மை ஏசுவார்கள். பள்ளியிலோ கல்லூரியிலோ நம் பிள்ளைகள் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். 1876–78 தாதுவருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். அந்தக் காலத்தில் கஞ்சி ஊற்றிய இடத்தை நோக்கிச் சனம் போனது உண்மைதான். பசித்தவனுக்குச் சோறு போட்ட இடத்தில் கடவுளைக் கண்டது எப்படிக் கேவலமாகும்? சோற்றோடு பள்ளிக்கூடமும் கிடைத்தது, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மரியாதையும் கிடைத்தது. ஏசுகிறவர்களின் முன்னோர் அந்த நாளில் தங்கள் களஞ்சியத்தைத் திறந்துவிட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

மாறிப் போன இடத்திலும் சுவர் இருந்தது என்பதுதான் சோகம். வடக்கன்குளம் கோயிலைச் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 1910இல்தான் அந்தப் பிரிவினை அகற்றப்பட்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவே சுவர் எழுப்பியிருந்ததை நாடறியும். எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி எழுந்த மோதலில், 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். இறந்தவர்களும் கிறிஸ்தவர்களே. திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. ஆவணம் வந்து இத்தனை வருடமாகியும் பல ஊர்களில் திருவிழாச் சப்பரம் நம் தெருமுனையோடு திரும்பிவிடுகிறது. வயலில் கடவுள் இருக்கிறார், அடுப்படியில் இருக்கிறார் என்று நாம் சொல்வதைக் கேட்டு, அப்படியென்றால் கோயிலில் எந்த இடத்தில் உட்கார்ந்தால் என்ன என்று யாரும் நழுவ முடியாது. கோயில் பந்தியும் கல்லறைக் குழியும் நம் அன்றாடத்தில் சேர்ந்தவைதான்.

தாலுகா அலுவலகமும் அப்படித்தான். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். மதத்தை வைத்துப் பிரிக்க வேண்டாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. நிலைமை மாறவில்லை. தமிழ்நாட்டில் நம் பிள்ளைகளுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான் கிடைக்கும். சாதியைச் சொல்லித் திட்டி அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைப்பதில்லை. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

இதனால் எத்தனையோ வீடுகளில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயர். கோயிலில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. விசாரணைக்கு ஆள் வருகிறது என்று தெரிந்தால் சுவரில் மாட்டிய மாதா படத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைக்கிறார்கள். பிடி அரிசி எடுக்கும் அதே பானைதான். இதைச் செய்கிறவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்று பிரசங்க மேடையிலிருந்து திட்டுவது சுலபம். திட்டுகிற போதகர்கள் அந்தப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவதாக இருந்தால் திட்டட்டும்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். மாணவர்களுக்கு ஒரு வேலை: உங்கள் ஊர்க் கல்லறையில் இரு பக்கமென்று பிரிவு இருக்கிறதா, மந்திரிக்க வரும் சாமியார் எந்தப் பக்கம் முதலில் போகிறார், நம் பக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார்த்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்துக்குப் போகும் பெரியவர்கள் கையில் அந்தத் தாள் இருக்கட்டும்.