இசை நாடகத்தின் இரு ஆசான்கள்

பண்பொழித் திருமலையில் எழுந்தருளியிருக்கும் குமரனை அறியாதவர் தென்காசிச் சீமையில் இல்லை. அக்குமரன் வள்ளியை மணந்த கதையை இச்சீமை மக்கள் ஏட்டில் படித்ததைவிட நாடக மேடையில் கண்டதே அதிகம். பக்கத்திலுள்ள செங்கோட்டையில் 1906-ஆம் ஆண்டு பிறந்து, 1933-இல் இளமை மாறாமலே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் கந்தர்வ கானத்தைப் பெரியோர் இன்றும் போற்றுகின்றனர். பாடியவரை நாடு மறக்கவில்லை, சரிதான். ஆனால், அவரைச் சிறு வயதிலேயே பயிற்றி மேடையேற்றிய ஆசான் சங்கரதாஸ் சுவாமிகளை நம்மவரில் எத்தனை பேர் அறிவர்?

மேல்நாட்டில் 'ஆபரா' என்னும் இசை நாடகத்திற்கு மேடையில் தோன்றாத தலைவர் ஒருவர் உண்டு. கையில் சிறு கோலுடன், பாடகரையும் வாத்தியக் கோஷ்டியையும் ஒரே தாளகதியில் நிறுத்துபவர் அவர். இத்தாலி தேசத்து ஆர்துரோ தோஸ்கனினி அத்தலைவர்களுள் முதன்மையானவர். பார்மா நகரில் 1867-இல் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். 1886-இல், தமது பத்தொன்பதாம் வயதில், ரியோ டி ஜெனிரோவில் 'ஆயிதா' நாடகத்தை நடத்த ஆளில்லாமற் போன நெருக்கடியில், செல்லோ வாசித்துக்கொண்டிருந்த இவ்விளைஞர் கோலை ஏந்தி, சுவடியைப் பாராமலே முழு நாடகத்தையும் நடத்தி முடித்தார்.

அதே 1867-ஆம் ஆண்டில், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் நமது சங்கரதாஸ் சுவாமிகள். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். கஞ்சிராவில் இணையற்ற புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் அன்புக்குப் பாத்திரமாகி, தாளத்தின் நுட்பங்களை அறிந்தார். யமன், சனீசுவரன் போன்ற வேடங்களில் நடித்துப் புகழ் பெற்றவர், பின்னர் அரிதாரத்தைத் துறந்து ஆசிரியரானார். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாடல்களோடு ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணாக்கர் அவ்வை டி.கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார்.

இருவரும் கோபக்காரர்கள், காரணமில்லாத கோபமன்று. தனிப் பாடகரின் ஜம்பத்திற்கு நாடகத்தைப் பலியிடுவதை இருவரும் பொறுக்கவில்லை. ஒரு பாட்டை மீண்டும் பாடுமாறு சபையோர் கூச்சலிடும் வழக்கத்தை மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் தோஸ்கனினி எதிர்த்தார். 1903-இல் அதன் பொருட்டே அரங்கைவிட்டு வெளியேறினார். இங்கோ, பெரிய நடிகர்கள் கட்டுப்பாட்டை மீறி மேடையிலேயே போட்டியிட்டு வந்த காலம் அது. சுவாமிகள் சிறுவர்களைத் திரட்டிப் பயிற்றத் தலைப்பட்டார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. சண்முகமும் அவருடைய சகோதரரும் அதில் பயின்றவர்களே.

கலையில் கட்டுப்பாடு என்றால் அடிமைத்தனம் என்று எவரும் எண்ண வேண்டாம். 1931-இல் பொலோனா நகரில் பாசிஸ்டுக் கட்சியின் கீதத்தை வாசிக்க மறுத்ததற்காகத் தோஸ்கனினி தாக்கப்பட்டார். பின்னர் முசோலினியின் ஆட்சி வீழும்வரை தாய்நாட்டில் வாசிக்க இசையவில்லை. நமது மேடையிலும் அத்தகைய தீரர் உண்டு. முருகன் வேடத்திலேயே தேசியப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்ற விசுவநாத தாஸ், 1940-இல் சென்னையில் அவ்வேடத்துடனேயே மேடையில் உயிர் நீத்தார்.

தோஸ்கனினி 1957 வரை வாழ்ந்தார். அவர் நடத்திய இசை, தட்டுகளிலும் ஒலிநாடாக்களிலும் பத்திரமாக இருக்கிறது. சுவாமிகளோ வாத நோயால் பேச்சிழந்து, 1922-ஆம் ஆண்டு நவம்பரில் புதுச்சேரியில் காலமானார். தோஸ்கனினி விட்டுச் சென்றது போன்ற ஒலிக் களஞ்சியம் நமக்கு வாய்க்கவில்லை. ஆனாலும் ஓர் அதிசயம் உண்டு. தென் மாவட்டங்களின் கோயில் விழாக்களில் இன்றும் நடைபெறும் 'ஸ்பெஷல் நாடக'த்தில், ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியக்காரர் மற்றோர் ஊரிலிருந்தும் வந்து சேர்கின்றனர். ஒத்திகை கிடையாது. இருந்தும் விடிய விடிய நாடகம் நடக்கிறது. எதனால்? அனைவரும் சுவாமிகளின் பாடத்தை மனத்தில் ஏந்தி வருவதனால். கோல் பிடிப்பவர் மறைந்து நூறாண்டு கடந்தபின்னும் தாளம் தவறவில்லை என்றால், இதனினும் பெரிய தலைமை எது?

ஆயினும், இது எத்தனை காலம் நிலைக்கும்? அவர் இயற்றிய நாடகங்கள் நாற்பது என்பாரும், அதற்கும் மேல் என்பாரும் உளர். அச்சில் கிடைப்பவை அவற்றில் ஒரு பகுதியே. அச்சிட்ட எழுத்து மெட்டைச் சொல்லாது. மெட்டு முதிய நடிகர்களின் தொண்டையில் இருக்கிறது. அவர்களுடைய பிழைப்போ விழாக் காலத்தை நம்பியது. 2020-இல் கொள்ளை நோயினால் திருவிழாக்கள் நின்றபோது அவர்கள் பட்ட பாட்டை நாடறியும். ஒரு முதியவர் மறையுந்தோறும் சில மெட்டுகளும் மறையும்.

ஆகவே, சுவாமிகளுக்குச் சிலைகளும் மாலைகளும் மட்டும் போதா. வாழும் நடிகர்களை அழைத்துத் தக்க சன்மானம் அளித்து, நாடகப் பாடல்களை முழுமையாகப் பாடச் செய்து பதிவு செய்தல் வேண்டும். ஸ்வரப்படுத்தி அச்சிடல் வேண்டும். சர்க்காரும் இசைக் கல்லூரிகளும் செய்யத்தக்க காரியம் இது. விழா நடத்தும் ஊர்ப் பெரியோர்களும் தம் பங்கைச் செய்யலாம். வாண வேடிக்கைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை நாடகத்திற்கு ஒதுக்கி, பாடல்களைக் குறைக்காமல் நடத்துமாறு கேட்டால் போதும். கேட்பவர் இருக்கும்வரையில்தான் பாடுபவர் இருப்பர்.