டாட் பிடித்த சட்டை

கேரளத்து வண்டிப்பெரியாரைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கோ நைட்டிக்கோ மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்கிறார்கள். வெயில், பனி, அட்டை, கையைக் கீறும் குச்சி எல்லாவற்றுக்கும் அதுதான் காப்பு. பெரும்பாலும் வீட்டுக்காரரின் பழைய சட்டை. கொஞ்சம் பூசினாற்போல இருப்பவர்களுக்கு அது மார்பில் இழுக்கும், தோளில் தொங்கும், இடுப்பில் மறுபடி பிடிக்கும். ஊருக்குப் போட்டுப்போகச் சட்டை வாங்கப் போனாலும் இதே தொல்லை. "எனக்குச் சட்டையே அமையாது" என்று உடம்பின் மேல் பழி போட்டுவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் அந்தச் சட்டைக்குள்ளே இருக்கும் ஜாக்கெட் கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது. அதே உடம்புதான், வெட்டு மட்டும் வேறு. ஜாக்கெட்டில் டாட் இருக்கிறது, சட்டையில் இல்லை.

டாட் என்பது துணியை ஆப்பு வடிவில் மடித்துத் தைப்பது. அது ஏன் வேண்டும் என்பதற்குக் கணிதமே பதில் வைத்திருக்கிறது. தட்டையான ஒரு பரப்பைச் சுருக்கமோ இழுவையோ இல்லாமல் பந்து போன்ற வளைவின் மேல் படியவைக்க முடியாது என்பது, ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827-இல் நிறுவிய தேற்றத்திலிருந்து கிடைக்கும் முடிவு. வட்டமாக ஒரு காகிதம் வெட்டி, விளிம்பிலிருந்து நடுப்புள்ளி வரை கத்தரித்து, வெட்டின இரு ஓரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்திப் பாருங்கள். காகிதம் கூம்பாக எழும். எவ்வளவு அதிகம் நகர்த்துகிறோமோ அவ்வளவு உயரம். தையல்காரர் மார்பருகே பிடிக்கும் டாட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இதில் ஓர் அழகான விஷயம், டாட்டை இடம் மாற்றலாம். அக்குளுக்குக் கீழே பக்கத் தையலிலிருந்து வரலாம், கைக்குழியிலிருந்து வரலாம், இடுப்பிலிருந்தும் மேலேறலாம். முனை மார்பின் உச்சியை நோக்கி இருந்து, மடிப்பின் கோணமும் மாறாமல் இருந்தால் கிடைக்கும் மேடு ஒன்றுதான். ஆனால் உச்சி வரை தைத்துவிடக் கூடாது. ஓர் அங்குலம் முன்பே நிறுத்தாவிட்டால் அங்கே கூர்மையாகத் துருத்தும்.

ஆண் சட்டைக்கு இந்தக் கவலை கிடையாது. மார்புக்கும் இடுப்புக்கும் பெரிய வித்தியாசமில்லாத உடம்பை நினைத்து வெட்டியது அது. வளைவுள்ள உடம்பில் மார்பளவுக்குச் சட்டை எடுத்தால் கீழே கூடாரம்போல விரியும். இடுப்பளவுக்கு எடுத்தால் இரண்டு பட்டனுக்கு நடுவே வாய் பிளக்கும். ரெடிமேடில் பெண்கள் அளவும் அவ்வளவு நம்பகமில்லை, நம் கடைகளில் நெடுங்காலமாக ஓடுவது வெளிநாட்டு அளவுகளைத் தழுவிய கணக்கு. இந்திய உடம்புக்கென்று அளவு வகுக்க, ஆறு நகரங்களில் 25,000 பேரை ஸ்கேனரில் அளக்கும் 'இந்தியாசைஸ்' திட்டத்தை தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகமான நிஃப்ட் கையிலெடுத்தது. தோட்டத்து லயங்களிலும் கொஞ்சம் அளந்திருக்கலாம் என்பது என் ஆசை.

நம் உடம்புக்கான அளவு கடைக்கு வரும்வரை ஒரே கணக்குதான்: மார்புக்கும் தோளுக்கும் பொருந்துவதை வாங்குங்கள், மற்றதை ஊர்த் தையல்காரர் பார்த்துக்கொள்வார். முதுகில் இரு முனையும் கூராக இரண்டு நீள டாட் பிடித்தாலே இடுப்புத் தெரியும். பட்டன்களில் ஒன்று மார்பின் உச்சிக்கு நேராக வர வேண்டும். வராவிட்டால் அந்த இடத்தில் உள்ளே ஒரு பிரஸ் பட்டன். கட்டம் போட்ட துணியில் மட்டும் யோசியுங்கள், டாட் பிடித்த இடத்தில் கட்டங்கள் உடைந்து கண்ணை உறுத்தும். பொடிக்கட்டமோ ஒரே நிறமோ பாதகமில்லை.

கொழுந்தெடுக்க மலைக்குப் போட்டுப்போகும் சட்டையில் டாட்டைத் தவிர்ப்பதே நல்லது. நாள் முழுக்க இரு கையும் முன்னே நீளும் வேலை அது, முதுகில் தாராளம் வேண்டும். தோளுக்குக் கீழே பின்பக்கம் பெட்டி மடிப்பு வைத்த சட்டை அதற்கு ஏற்றது.

தைத்த சட்டையில் மார்பு டாட் சேர்க்கச் சொன்னால் தையல்காரர் முதலில் நீளத்தைத்தான் பார்ப்பார். பக்கத் தையலைப் பிரித்து மடித்த அளவுக்கு முன்பக்கம் குட்டையாகிவிடும், பின்பக்கத்தின் அடியையும் வெட்டிச் சமன் செய்ய வேண்டிவரும். ஆகவே கடையில் இரண்டு நீளம் இருந்தால் நீளமானதையே எடுங்கள்.