சுமை எந்தச் செங்கல்லின் மேல்?

நான்கு செங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மேல் செங்கல் எதையும் தாங்குவதில்லை. அடிச் செங்கல்லோ மற்ற மூன்றின் எடையையும் தாங்குகிறது. இடைக்கால ஐரோப்பாவின் நிலப்பிரபுத்துவத்தை விளங்கிக்கொள்ள இந்த அடுக்கே போதும்.

உச்சியில் மன்னன். அவனிடம் பணம் குறைவு, நிலம் மிகுதி. ஆகவே சம்பளத்துக்குப் பதிலாக நிலத்தைக் கொடுத்தான். நிலம் பெற்ற பிரபு மண்டியிட்டு, கூப்பிய கைகளை மன்னனின் கைகளுக்குள் வைத்து, போர் வந்தால் படையுடன் வருவதாக உறுதி கூறினான். பிரபு தன் நிலத்தில் ஒரு பகுதியைக் குதிரை வீரர்களுக்குக் கொடுத்தான். அவர்கள் ஆண்டுக்கு 40 நாள் படைப்பணி செய்வது பல இடங்களில் வழக்கம். அடியில் பண்ணையடிமை. வாரத்தில் சில நாட்கள் பிரபுவின் வயலில் கூலியின்றி உழைத்தான். அனுமதியின்றி ஊரைவிட்டுப் போக முடியாது. மேலே இருந்தவர்கள் உண்டதெல்லாம் அவன் விளைத்ததே.

நம் நாட்டில் இப்படி இருந்ததா என்று கேட்பீர்கள். இதற்கு நெருங்கிய அமைப்பு ஒன்று இருந்தது. 1529-இல் மதுரையில் ஆட்சிக்கு வந்த விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தனர். வசூலில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, ஒரு பங்கு பாளையக்காரருக்கு என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. நம் ஓசூர்ப் பக்கத்திலும் சூளகிரி, பாகலூர் முதலிய இடங்களில் பாளையக்காரர்கள் இருந்தனர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஐரோப்பியப் பிரபுவுக்குச் சொந்தப் பண்ணை முக்கியம். பாளையக்காரருக்கு வரி வசூலும் ஊர்க்காவலும் முக்கியம்.

இந்த இடைச் செங்கற்களை நீக்கும் சோதனை நம் மண்ணிலேயே நடந்தது. நாகரசம்பட்டி அடங்கிய பாராமகால் பகுதியை 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி திப்பு சுல்தானிடமிருந்து பெற்றது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, வயலுக்கு வயல் தீர்வை விதித்து, உழவரிடமே நேராக வசூலிக்கும் முறையை இங்கே உருவாக்கினர். இதுவே ரயத்துவாரி. பின்னர் இது சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. மற்ற இடங்களில் எஞ்சியிருந்த ஜமீன்களை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது.

இடைச் செங்கற்களை எடுத்தால் சுமை குறைய வேண்டும் அல்லவா? அவ்வாறு குறையவில்லை. தீர்வை கடுமையாக இருந்தது. அதைப் பணமாகக் கட்ட வேண்டும். பணத்துக்காக உழவர் வட்டிக்காரரிடம் போனார். பழைய செங்கல் போன இடத்தில் புதிய செங்கல் வந்து அமர்ந்தது. நிலமற்ற கூலியாளின் பெயரோ கணக்கில் ஏறவே இல்லை.

உங்கள் ஊரில் ஒரு பட்டாவை வாங்கிப் பாருங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது என்று படியுங்கள். பிறகு அந்த வயலில் களை எடுப்பவரின் பெயர் அதில் உண்டா என்றும் தேடுங்கள். அடிச் செங்கல் யார் என்பது விளங்கும்.