உண்டது எவ்வளவு?
உணவை அளக்கும் முறைகளும் அவற்றின் துல்லியமும்

முன்னுரை

'நேற்று என்ன உண்டீர்கள்? எவ்வளவு உண்டீர்கள்?' என்பது கேட்பதற்கு எளிய வினா. விடை கூறுவதோ எளிதன்று. கற்றவரும் கல்லாதவரும் இவ்வினாவின்முன் ஒருபோலத் தடுமாறுவர். எனினும், ஒரு நாட்டில் வறியவர் எத்தனை பேர், நியாயவிலைக் கடையில் எத்தனை கிலோ அரிசி வழங்க வேண்டும், சத்துணவுக் கூடத்தில் குழந்தைக்கு எத்தனை கிராம் பருப்பு இட வேண்டும் என்னும் பெரிய முடிவுகள் எல்லாம் இச்சிறு வினாவின் விடையையே அடித்தளமாகக் கொண்டுள்ளன. அடித்தளம் எவ்வளவு உறுதியானது என்பதை ஆராய்வது நம் கடமை. முல்லைப் பெரியாற்று நீரால் வயலும் தோப்பும் செழித்த கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நாம், விளைவதை மட்டுமன்றி, விளைந்தது யார் வயிற்றை எவ்வளவு சென்றடைகிறது என்பதையும் அறிய வேண்டுமல்லவா?

அளவும் நிறையும்

முகந்து அளப்பது வேறு, நிறுத்து அளப்பது வேறு என்பதைத் தமிழர் தொன்றுதொட்டே அறிந்திருந்தனர். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் அளவுப்பெயர், நிறைப்பெயர் என இரண்டையும் வேறுபடுத்தியே கூறுகிறார். உழக்கு, உரி, நாழி, மரக்கால் என்பன முகத்தல் அளவைகள். இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு மரக்கால். ஆயினும் ஓர் ஊரின் படி மற்றோர் ஊரின் படியோடு ஒத்திருந்ததில்லை. சின்னப்படி, பெரியபடி என்னும் வழக்குகளே இதற்குச் சான்று.

இஸ்லாமிய மரபிலும் இதே சிக்கலைக் காணலாம். ஈகைப் பெருநாளையொட்டி வழங்கும் ஃபித்ரா தருமத்திற்கு 'ஸாஉ' என்பது அளவை. நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் நான்கு அள்ளுக்கு அது ஒப்பாகும். அதனைக் கிலோ கணக்கில் மாற்றும்போது ஹனபி, ஷாபிஈ அறிஞர்களிடையே வேறுபட்ட எண்கள் கிடைக்கின்றன. கோதுமையும் பேரீச்சையும் அரிசியும் ஒரே கொள்கலத்தில் ஒரே எடை நிற்பதில்லை என்பதும் நாம் அறிந்ததே. அளவையில் குறைவு செய்வோரைக் கண்டிக்கும் ஓர் அத்தியாயமே திருக்குர்ஆனில் 83ஆவதாக அமைந்துள்ளது. கடைக்காரரின் மரக்காலுக்கு உரிய அறம் ஆய்வாளரின் கிண்ணத்திற்கும் உரியதே எனலாம்.

குன்னூரில் தொடங்கிய பணி

இந்திய உணவாய்வின் தொட்டில் தமிழகத்து நீலகிரி மலையிலேயே அமைந்தது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாயிற்று. அவருக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, 1937இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்துகளை அட்டவணைப்படுத்தி வெளியிட்டார். ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் இதனை வழிநடத்திய பெருமகன். 1972இல் நிறுவப்பெற்ற தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு, தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் வீடுவீடாகச் சென்று உணவை அளந்தது. 2015இல் அவ்வமைப்பு நிறுத்தப்பட்டது. 2017இல் 528 உணவுப் பொருள்களுக்குப் புதிய சத்து அட்டவணை வெளிவந்தது.

எடைபோடும் முறை

அளக்கும் முறைகளுள் முதன்மையானது நேரில் எடைபோடுதல். ஆய்வாளர் தராசுடன் அடுக்களையில் அமர்ந்து, உலையில் இடும் முன் அரிசி, பருப்பு, காய்கறி அனைத்தையும் நிறுப்பார். சமைத்தபின் ஒவ்வொருவரும் உண்டதையும் எஞ்சியதையும் நிறுப்பார். துல்லியத்தில் இதற்கு நிகரான களமுறை வேறில்லை.

ஆயினும் இதற்கும் குறையுண்டு. தராசு வந்த வீடு அன்று இயல்பாக இராது. வெறும் கஞ்சி காய்ச்ச இருந்த தாய், விருந்தாளிமுன் வறுமையைக் காட்ட நாணி, கடன் வாங்கியாவது ஒரு வெஞ்சனம் சேர்ப்பாள். மற்றொரு வீட்டிலோ, அளப்பதன் தொல்லை கருதிச் சமையலைச் சுருக்கிவிடுவர். அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது.

நினைவைக் கேட்கும் முறை

பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் 24 மணிநேர நினைவுகூர் முறையையே கையாளுகின்றன. நேற்று உண்டதை வரிசையாகக் கூறச் செய்து, அளவிட்ட கிண்ணங்களையும் கரண்டிகளையும் காட்டி 'இதில் எத்தனை?' எனக் கேட்பர். பின்னர்ச் சமைத்த சோற்றைப் பச்சையரிசிக் கணக்கிற்கு மாற்றுவர்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஒரு வீட்டில் 900 கிராம் அரிசி வடித்ததில் 12 கிண்ணம் சோறு கிடைத்தது எனக் கொள்வோம். தலைவர் உண்டது 3 கிண்ணம். எனவே அவர் உண்ட அரிசி, 900ஐ 12ஆல் வகுத்து 3ஆல் பெருக்க வரும் 225 கிராம். 100 கிராம் அரிசிக்கு ஏறத்தாழ 350 கலோரி எனின், சோற்றால் மட்டும் சுமார் 790 கலோரி. அவர் நினைவில் அரைக் கிண்ணம் பிசகினால் 37.5 கிராம் அரிசி, அதாவது ஏறத்தாழ 130 கலோரி பிசகும். மூன்று வேளையும் பிசகினால் ஏறத்தாழ 400 கலோரி. அரைக் கிண்ணத்தில் ஒருவர் 'போதிய உணவு பெறுபவர்' என்னும் கட்டத்திலிருந்து 'பெறாதவர்' என்னும் கட்டத்திற்குப் போய்விடுகிறார்.

மேலும், ஒருநாள் உணவு ஒருவரின் வழக்கத்தைக் காட்டாது. சோறு நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவினது. எனவே சில நாள் கணக்கே போதும். முருங்கைக்கீரையும் மாம்பழமும் அவ்வாறல்ல. கீரை சமைத்த நாளில் கேட்டால் வைட்டமின் ஏ நிறைந்து வழியும். மறுநாள் கேட்டால் வறண்டிருக்கும். ஆகவே வைட்டமின் ஏ போன்ற சத்துகளுக்குப் பல நாள் கணக்கு வேண்டும்.

நம் வட்டாரத்தில் எழும் இடர்கள்

பாடநூல் முறை நம் ஊர்த் தெருவில் நுழையும்போது சில இடர்களைச் சந்திக்கிறது.

விடியுமுன் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி, மலைமேல் ஏலத்தோட்டத்திற்குச் செல்லும் தொழிலாளி, அங்கு என்ன உண்டார், எதைப் பகிர்ந்தார், வழியில் என்ன தேநீர் அருந்தினார் என்பதை வீட்டிலுள்ளவர் கூற இயலாது. அவர் திரும்பும் அந்திப்பொழுதிலோ ஆய்வாளர் இருப்பதில்லை.

தமிழ் முஸ்லிம்களிடையே பல ஊர்களில் ஒரே சகனில் பலர் சேர்ந்து உண்ணும் வழக்கம் உண்டு. ஒற்றுமைக்கு அழகான அவ்வழக்கம், அளப்பவருக்குப் பெரும் புதிர். நால்வர் உண்ட சகனை நான்கால் வகுத்தால், முதியவரும் இளைஞரும் சமமாக உண்டதாகிவிடும். ரமலானில் பள்ளிவாசலில் வழங்கும் நோன்புக் கஞ்சி எந்த வீட்டின் அரிசிக் கணக்கிலும் வராது. காலையில் தொடங்கி இரவில் முடியும் வினாப்பட்டியல், சஹர் உணவைப் பெரும்பாலும் தவறவிடும். நோன்பாளியின் உணவுநாள் மஃரிபில் தொடங்குகிறது என்பதை அறியாத ஆய்வாளர், அவர் பட்டினி கிடந்ததாகவே எழுதிவிடுவார்.

வீட்டின் பசியும் பெண்ணின் பசியும்

எல்லாவற்றிலும் பெரிய பிழை ஒன்றுண்டு. வீட்டின் மொத்த உணவை ஆட்களுக்குப் பங்கிட 'நுகர்வு அலகு' என்னும் கணக்கு வகுக்கப்பட்டது. கடின உழைப்பில்லாத ஆணுக்கு 1. அத்தகைய பெண்ணுக்கு 0.8, ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு 0.4. இவை யாருக்கு எவ்வளவு தேவை என்பதைக் கூறும் எண்கள். யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதைக் கூறுவன அல்ல. எல்லோரும் உண்டபின் சட்டியை வழித்து உண்பவள் வீட்டுத்தலைவி. அவளிடம் கேட்டால், 'இருந்ததைச் சாப்பிட்டேன்' என்பாள். கணக்கோ அவளுக்கு 0.8 பங்கை முழுமையாக எழுதிவிடுகிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர் எனக் காட்டியது. இரத்தசோகைக்குக் காரணங்கள் பல; எனினும் சராசரிக் கணக்கில் மறைந்த பசியும் அவற்றுள் ஒன்றாகலாம் என்பதை மறுக்க இயலாது.

இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்ட முன்மாதிரி நம் பகுதியிலேயே உண்டு. 1973இல் நிறைவுற்ற தமிழ்நாடு ஊட்டச்சத்து ஆய்வு, உணவு எங்கு விளைந்து யாரைச் சேர்கிறது என்பதை விரிவாக ஆராய்ந்தது. அதன் பயனாய் உருவான தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 1980இல் அன்றைய மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது. தேனி அப்போது மதுரை மாவட்டத்தின் பகுதியே. 1996இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்குக் குறைந்தது 90 நாள் துணையுணவு வழங்கினர். 'குழந்தை என்ன உண்டது?' என்று தாயை வினவுவதோடு நில்லாமல், குழந்தையின் உடலையே வினவியது இத்திட்டத்தின் சிறப்பு.

செலவைக் கொண்டு அளத்தல்

1950இல் தோன்றிய தேசிய மாதிரி ஆய்வு, வீடுகள் வாங்கிய பொருளைக் கொண்டு உணவைக் கணித்தது. எத்தனை நாள் நினைவைக் கேட்பது என்பதில் தொடக்கத்திலேயே ஐயம் எழுந்தது. 1950களின் தொடக்கத்தில் மகாலனோபிசும் சென்னும் நாள்தோறும் எடைபோட்ட அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து, 7 நாள் நினைவு மிகையாகவும் 30 நாள் நினைவு உண்மைக்கு நெருக்கமாகவும் இருப்பதாகக் கண்டனர். 1999–2000ஆம் ஆண்டு ஆய்வில் உணவுக்கு இரு கால அளவுகளையும் ஒரே படிவத்தில் அருகருகே கேட்டனர். ஒன்றின் விடை மற்றதைப் பாதித்தது என்னும் விவாதம் மூண்டது. 1993–94இல் 36 விழுக்காடாக இருந்த வறுமை 26 விழுக்காடாகக் குறைந்தது என்னும் அறிவிப்பில், எவ்வளவு உண்மையான முன்னேற்றம், எவ்வளவு படிவத்தின் விளைவு என அறிஞர் பல்லாண்டு வாதிட்டனர்.

வாங்கியது வேறு, உண்டது வேறு என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. அறுவடை நாளில் கூலியாட்களுக்கு இடும் சோறு நிலவுடையவரின் வீட்டுக் கணக்கில் ஏறுகிறது. உண்டவரோ வேறு வீட்டார். இதனால் உடையவர் உணவு மிகையாகவும் இல்லாதவர் உணவு குறைவாகவும் தோன்றும்.

வழக்கத்தைக் கேட்டலும் உடலைக் கேட்டலும்

நீரிழிவு போன்ற நாட்பட்ட நோய்களை ஆராய்வோருக்கு நேற்றைய உணவைவிட ஓராண்டு வழக்கமே தேவை. சென்னையில் நீரிழிவு ஆய்வாளர்கள் 222 உணவுகள் அடங்கிய வினாப்பட்டியலை உருவாக்கி, 24 மணிநேர முறையோடு ஒப்பிட்டுச் சோதித்தனர். மிகுதியாக உண்பவர் யார், குறைவாக உண்பவர் யார் என வரிசைப்படுத்த இம்முறை உதவும்; சரியான கிராம் அளவை இதனிடம் எதிர்பார்த்தல் கூடாது.

நாக்கு மறைத்தாலும் உடல் மறைப்பதில்லை. உண்ட சோடியத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு சிறுநீரில் வெளியேறுவதால், ஒருநாள் சிறுநீரைச் சேகரித்து உப்பின் அளவை அறியலாம். ஆயினும் வெயிலில் வியர்த்து உழைப்பவரிடம் இக்கணக்கு சற்றுக் குறைத்தே காட்டும். சிறுநீரின் நைட்ரஜனைக் கொண்டு புரதத்தைக் கணிக்கலாம். டியூட்டீரியமும் ஆக்சிஜன்–18உம் கலந்த நீரை அருந்தச் செய்து, அவை வெளியேறும் வேகங்களின் வேறுபாட்டால் உடல் செலவிட்ட ஆற்றலை அறியும் முறை, 1950களில் லிஃப்சன் என்பவரால் விலங்குகளிடம் வகுக்கப்பெற்று, 1982இல் மனிதரிடம் பயன்படுத்தப்பட்டது. உடல் எடை மாறாதிருப்பின் செலவிட்ட ஆற்றலே உண்ட ஆற்றல். இம்முறையால் வெளிப்பட்ட உண்மை வியப்பானது: மனிதர் பொதுவாகத் தாம் உண்டதைவிடக் குறைத்தே கூறுகின்றனர், பருத்த உடலினர் இன்னும் குறைத்துக் கூறுகின்றனர். ஆனால் இது பெருஞ்செலவுடையது. ஊர்தோறும் செய்ய இயலாதது.

முடிவுரை

இவற்றைத் தொகுத்து நோக்கின், குற்றமற்ற முறை ஒன்றும் இல்லை என்பது புலனாகும். அதனால் அளத்தலைக் கைவிட வேண்டுமோ எனின், வேண்டா. அளவாத பசி அரசின் கண்ணில் படாத பசியாகிவிடும். ஒவ்வொரு முறையின் பிழை எத்திசையில் சாய்கிறது என அறிந்து, ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்புவதே அறிவுடைமை.

களப்பணிக்கும் நாட்டு நலப்பணிக்கும் செல்லும் நம் மாணவச் செல்வங்கள் சிலவற்றை மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். வீட்டுத்தலைவரிடம் மட்டும் கேட்டு எழுதாதீர். இறுதியில் உண்பவளிடமும் கேளுங்கள். 'கேப்பைக் களிதானே?' என இளக்காரம் தொனிக்க வினவாதீர். அத்தொனியே பொய்யை வரவழைக்கும். வெளியே உண்டது, பகிர்ந்து உண்டது, நோன்பில் உண்டது ஆகியவற்றைத் தனித்தனியே கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள், சராசரியால் நிரப்பாதீர்.

ஓர் எண்ணைப் படிவத்தில் எழுதும்போது ஒரு மனிதரின் வயிற்றைப் பற்றிச் சாட்சி சொல்கிறோம். சாட்சியில் குறைவு செய்தலும் அளவையில் குறைவு செய்தலும் ஒன்றே. இவ்வுணர்வோடு அளப்போமாயின், நம் பள்ளத்தாக்கின் பசியும் ஒருநாள் உள்ளவாறே எழுதப்படும். எழுதப்பட்ட பசி தீர்க்கப்படவும் வழி பிறக்கும்.